படைப்புச் சோறு தின்றவளுக்கு

பக்கத்து வீட்டில் ஆட்டுப்பால் காய்ச்சுகிறார்கள். அந்த வீட்டுக் குழந்தைக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளவில்லையாம். எங்கேயோ போய் ஒரு வெள்ளாட்டைப் பிடித்துவந்து கொல்லையில் கட்டியிருக்கிறார்கள். பால் பொங்கும்போது எழும் அந்தக் கவிச்சி வாடை சுவரைத் தாண்டி என் அடுக்களைக்குள் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்த எழுந்தார். "திறந்தே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நான் அடுப்படியிலேயே நின்றேன். இவ்வளவு வருஷம் குடித்தனம் செய்தும் அவருக்கு இதெல்லாம் விளங்காது. உனக்கு விளங்கியிருக்கும்.

அன்றைக்கும் இதே வாடைதான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். விக்கிரமசிங்கபுரத்தில் நான் கால்நடை ஆய்வாளராக இருந்தேன். காலையில் மாடுகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது காட்டிலாகா கார்டு அண்ணாச்சி சைக்கிளை ஸ்டாண்டு போடக்கூட நேரமில்லாமல் மரத்தில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். சட்டைக்குள் எதையோ வைத்து மேல் பொத்தான்வரை மாட்டியிருந்தார். பொத்தானைக் கழற்றிக் காட்டினார். செம்பட்டை முடியும் சுருங்கிய கறுத்த முகமுமாக ஒரு குட்டி, அவருடைய பனியனை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

"கருமந்திக் குட்டிம்மா. தாயச் சுட்டுட்டானுவ" என்றார்.

"கருமந்திங்கீய, இது செவப்பால்லா இருக்கு?"

"பொறக்கையில செவப்புதாம்மா. பெறவுதான் கறுக்கும். எப்படியாவது பொழைக்க வையுங்க."

எதற்காகச் சுட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. நம் பக்கத்தில் கேட்கத் தேவையுமில்லை. கருங்குரங்கு லேகியம் என்று ஒன்றை இருமலுக்கும் தெம்புக்கும் நம்பி வாங்குகிற ஆட்கள் அப்போது நிறைய இருந்தார்கள். மேலே காட்டில் அந்தக் கறுப்பு மந்திகள் ஆள் அரவம் கேட்டாலே ஏன் அப்படி ஓடி ஒளிகின்றன என்பதற்கு அதுதான் காரணம்.

அன்று டாக்டர் லீவு. குட்டியை ராத்திரி வைத்துப் பார்க்க ஆள் வேண்டும். எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கோழி முட்டை வாசலைத் தாண்டினாலே வீட்டைக் கழுவிவிடச் சொல்லும் சைவ மாமனார். எனக்கு உன் முகம் மட்டும்தான் நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, நீ பேசியதற்கு நானும் சேர்ந்து அடி வாங்கின பழக்கம். மருந்துப் பையில் குட்டியை வைத்துக்கொண்டு மில் தொழிலாளிகள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குள் நுழைந்து உன் கதவைத் தட்டினேன்.

"என்னட்டி பையில?"

"பிள்ள."

"வெளாடாதட்டி. யார் பிள்ள?"

பையைத் திறந்தேன். அது உன்னைப் பார்த்து வாயைக் கோணிக்கொண்டு ஒரு சத்தம் போட்டது. சத்தம்கூட இல்லை, காற்றுதான் வந்தது. உன்னை அறிந்த காலத்திலிருந்து நீ பதில் பேசாமல் நின்றதை அன்றுதான் முதலில் பார்த்தேன். பிறகு அடுத்த வீட்டு ஆட்டைக் கறந்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சி, உன் மகனுடைய இங்க் பில்லரைக் கழுவி, சொட்டுச் சொட்டாக அதன் வாயில் விட்டாய். பாதி பால் உன் சேலையில் வடிந்தது. லைன் முழுக்க அந்த வாடை. "ஆட்டுக்குப் பிரசவம் பாத்தியாட்டி?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, "ஆமா, உங்க மாமியா மாதிரியே ஒரு பிள்ள பொறந்திருக்கு" என்று சொல்லி ஒரு சண்டையையும் இழுத்துக்கொண்டாய்.

குட்டி பிழைத்தது. பிழைக்கும் என்று டாக்டர்கூட நினைக்கவில்லை. வால் நுனி மட்டும் கோணலாகவே நின்றுவிட்டது. தாய் விழுந்தபோது ஒடிந்திருக்க வேண்டும்.

காட்டிலாகா ரேஞ்சர் கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். அவர் உன் வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறதா? இப்படித் தாயில்லாமல் வந்து சேரும் குட்டிகளுக்காகப் பாபநாசம் மலையில், காரையாற்றுக்கு மேலே, காட்டை ஒட்டி ஒரு பெரிய கூண்டு கட்டப்போவதாகவும் நீ வந்து வளர்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். நீ உடனே சரி என்றாய். அதற்குப் பிறகுதான் நிபந்தனையைச் சொன்னார்.

கூண்டுக்குள் போகும்போது தலையிலிருந்து கால்வரை கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொள்ள வேண்டும். முகம் தெரியக்கூடாது. ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேர் வைத்துக் கூப்பிடக்கூடாது. குட்டி கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குவது கம்பளியாக இருக்கலாம், மனுஷியாக இருக்கக்கூடாது.

"பேசாம பிள்ள வளக்க நான் என்ன ஊமையா சார்?" என்றாய்.

அவர் சிரிக்கவில்லை. "அம்மா, இது நாளைக்குக் காட்டுல இருக்கணும். மனுஷ முகத்தையும் மனுஷக் குரலையும் அம்மான்னு நினைச்சுட்டா, துப்பாக்கியோட வர்றவன்கிட்டயும் கையை நீட்டிட்டுப் போகும். தாயைச் சுட்டவனுக்கு நாமளே பிள்ளையையும் பிடிச்சுக் கொடுத்த மாதிரி ஆயிரும். விட்டதுக்கு அப்புறம் ஆளைத் தேடி வந்துதுன்னா பிடிச்சு மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பிருவேன். கூண்டையும் பிரிச்சிருவேன். இந்த வேலையே தப்புன்னு அர்த்தம்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பச்சைக் குட்டியிடம் பேசாமல் இரு என்று ஒரு பெண்ணிடம் சொல்ல எப்படி மனம் வந்தது என்று அவரிடமே கேட்டுவிட்டேன். மாட்டைத் தட்டிக் கொடுத்து, பேசிப் பேசித்தான் ஊசி போட்டுப் பழக்கம் எனக்கு. நீதான் என்னை அடக்கினாய். "அவிய சொல்லுததுதான் சரி. நீ சும்மா கெட."

கூண்டு கட்டி முடிந்த நாளிலிருந்து காலை பஸ்ஸில் காரையாற்றுக்கு ஏறினாய். சாயங்காலம் இறங்கினாய். லைன் வீடுகளில் உன்னைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. "கொரங்குக்கு ஆயா" என்றார்கள். உன் வீட்டுக்காரரே ஷிப்ட் முடிந்து வந்து, "எங்க வீட்டுல இப்பம் வாலில்லாதது நாங்கதான்" என்பார். அதற்கெல்லாம் நீ முகம் சுளித்ததே இல்லை. பதிலுக்குப் பதில் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாய்.

மேலே தடுப்பூசி வேலையாக வரும்போது நான் மறைவில் நின்று உன்னைப் பார்த்திருக்கிறேன். கோனார் வீடுகளில் நெய்கிற முரட்டுக் கறுப்புக் கம்பளிதான். அதற்குள் நீ இருக்கிறாய் என்று தெரிந்தும் எனக்கே அடையாளம் தெரியாது. கம்பளி பைய நடந்துபோய்த் தட்டைக் கல்லின்மேல் ஒரு இலைக்கட்டை வைக்கும். நாவல் கொழுந்து, அத்திக் கொழுந்து, கார்டு அண்ணாச்சி பறித்துக் கொடுத்த என்னென்னவோ கொழுந்து. வைத்துவிட்டுத் தள்ளி உட்காரும். குட்டி தாவி வந்து கம்பளியில் ஏறித் தொங்கிக்கொண்டு, ஒரு கையை மட்டும் நீட்டி இலையை எடுத்துத் தின்னும். ஊரையே தன் வாயால் கட்டி இழுக்கிற நீ, அங்கே மூச்சுகூடச் சத்தமாக விடமாட்டாய்.

எப்படி முடிகிறது என்று கேட்டேன்.

"மனசுக்குள்ள பேசிக்கிட்டேதான் இருப்பேன்ட்டி. எல்லாம் சேந்து கெடக்கும். வெளிய வந்து உங்கிட்ட கொட்டிருவேன்லா."

கொட்டினாய். பஸ் நிறுத்தத்தில் நின்றால் பாபநாசம் இறங்கும்வரை கொட்டுவாய். இன்றைக்கு அதனிடம் மனதுக்குள் என்ன சொன்னாய், அது எப்படிப் பார்த்தது, பார்த்ததற்கு நீ மனதுக்குள் என்ன பதில் சொன்னாய் என்று இரண்டு பேர் பேச்சையும் நீயே பேசுவாய். பேர் வைக்கக்கூடாது என்ற நிபந்தனையும் கூண்டுக்குள் மட்டும்தான். பஸ்ஸில் அதற்குச் செவலை என்று பேர். செம்பட்டைக் கன்றுக்குட்டிக்கு வைக்கிற பேரை நான்தான் விளையாட்டாகச் சொன்னேன், நீ பிடித்துக்கொண்டாய். கொஞ்ச மாதத்தில் அது அடுப்புக்கரி மாதிரி ஆகிவிட்டது. "இந்தக் கரிக்கட்டைக்கா செவலை?" என்று கேட்டால், "நீ மட்டும் என்ன, பேரு ஒண்ணு ஆளு ஒண்ணுதான்" என்பாய்.

வேறு குட்டிகளும் வந்தன. ஒன்றிரண்டு பிழைக்காமல் போய்விட்டன. ஒரு குட்டி உன் கம்பளியைப் பிடித்தபடியே செத்துப்போய், அதன் விரல்களை ஒவ்வொன்றாக நீயே பிரித்துவிட வேண்டியிருந்தது. அன்று பஸ்ஸில் நீ ஒன்றுமே பேசவில்லை. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், "என்ன மதினி, ரேடியோ இன்னைக்கு லீவா?" என்று கேட்டுவிட்டு, உன் முகத்தைப் பார்த்ததும் தானாகவே தள்ளிப் போனார்.

ஒரு வருஷம் ஓடி, இன்னொன்றும் முடியப்போகிற சமயம். கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும் கூண்டின் மேல்பக்கக் கதவைத் திறந்து வைத்தார்கள். காட்டு மந்திக் கூட்டம் ஒன்று அந்தப் பக்கத்து மரங்களுக்கு வழக்கமாக வரும். செவலை கதவுவரை போகும், திரும்பி வரும். பிறகு வெளிக்கிளையில் உட்கார்ந்து பார்க்கும். பிறகு சாயங்காலம் மட்டும் திரும்பி வரும். ஒருநாள் வரவில்லை. கூட்டத்தின் நடுவே கோணல் வால் ஒன்று தெரிந்ததாகக் கார்டு அண்ணாச்சி சொன்னார். நீ கம்பளியை மடித்து வைத்துவிட்டு, "போயிட்டா" என்று மட்டும் சொன்னாய். சந்தோஷமா வருத்தமா என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இரண்டுமாகத்தான் இருந்திருக்கும்.

அந்த வருஷத்து ஆடி அமாவாசையைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

உன் புகுந்த வீட்டுக்குக் காரையாற்று அய்யனார்தான் குலதெய்வம். ஆடி அமாவாசைக்கு லாரி பிடித்து, சட்டி பானை, தார்ப்பாய், கைக்குழந்தை எல்லாவற்றோடும் போய் ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவீர்கள். அந்தச் சமயத்தில் காட்டுக்குள் ஒரு ஊரே இறங்கியிருக்கும். உங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பொங்கல் பானையை இறக்கியதும் முதல் அகப்பைச் சோற்றைத் தேக்கிலையில் எடுத்து, சற்றுத் தள்ளி ஒரு பாறையில் வைக்க வேண்டும். வைப்பவள் மூத்த மருமகள். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, போகும்போதும் வைக்கும்போதும் வாய் பேசாமல் வைக்க வேண்டும். காட்டில் இருக்கிற ஒரு குரங்கு வந்து அதில் கை வைத்த பிறகுதான் வீட்டார் சாப்பிடுவார்கள். அதுதான் உங்கள் வீட்டுப் படைப்பு. கோயிலைச் சுற்றித் திரியும் நாட்டுக்குரங்குகளுக்கு இந்த வழக்கம் நன்றாகத் தெரியும். நீ இலையை வைத்துத் திரும்பும் முன்பே காலி செய்துவிடும். பசியோடு காத்திருக்க வேண்டி வந்ததே இல்லை என்று உன் மாமியார் பெருமையாகச் சொல்வார்.

அந்த வருஷம் என்னையும் வரச் சொல்லியிருந்தாய். காலையிலிருந்தே சாரல். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. மரங்களிலிருந்து ஓயாமல் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் குடில் பையன்கள் சரவெடி ஒன்றைக் கொளுத்திப் போட்டதில் நாட்டுக்குரங்குகள் எல்லாம் கோயிலுக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டன.

பானையை இறக்கினார்கள். நீ இலையை எடுத்தாய். சாரலில் முக்காட்டுச் சேலை நனைகிறதே என்று உன் வீட்டுக்காரர் தன் தோளில் கிடந்த கம்பளியை எடுத்து உன் தலைவழியே போர்த்திவிட்டார். மலையில் எல்லாருடைய தோளிலும் கிடக்கிற அதே கறுப்புக் கம்பளி. நீ பைய நடந்துபோய் ஆற்றோரத் தட்டைப் பாறையில் இலையை வைத்தாய். வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாய்.

அப்போதுகூட எனக்குப் புத்தியில் தட்டவில்லை. உனக்கும் தட்டவில்லை. இத்தனை நாள் கூண்டுக்குள் செய்ததை அப்படியே செய்துகொண்டிருக்கிறாய் என்று, அதைக் கற்றுக் கொடுத்த ரேஞ்சர் அங்கே இருந்திருந்தால் அவருக்கும் தட்டியிருக்குமா தெரியாது. கறுப்புக் கம்பளி மனிதரை மறைக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். காரையாற்றில் நனைகிற மனிதர்கள் அத்தனை பேரும் கறுப்புக் கம்பளிதான் போர்த்துகிறார்கள் என்பதை நம்மில் ஒருவரும் யோசிக்கவில்லை.

நேரம் போனது. குரங்கு வரவில்லை. சின்னப் பிள்ளைகள் பசியில் சிணுங்க ஆரம்பித்தன. "பொறுங்கலே, வரும்" என்று உன் மாமியார் அதட்டினார். அப்போதுதான் எதிர்க்கரை மரத்தில் கிளை அசைந்தது. கறுப்பாக நாலைந்து உருவம். ஆள் கூட்டம் இருக்கிற இடத்துக்குக் கருமந்தி வரவே வராது. மற்றவை உயரத்திலேயே நின்றுவிட்டன. ஒன்று மட்டும் இறங்கியது. ஆற்றின்மேல் சாய்ந்திருந்த மருதமரக் கிளை வழியாக இந்தக் கரைக்கு வந்து, வேரில் உட்கார்ந்து, கம்பளியைப் பார்த்தது. வால் நுனி கோணல்.

பக்கத்துக் குடிலில் ஒருவர் எழுந்து நின்றார். "ஏ கருங்கொரங்குவே! கையெட்டுத தூரத்துல நிக்கி பாத்தீரா. லேகியம் லேகியம்னு ஊரெல்லாம் தேடுதானுவ, இது தானா வந்து ஒக்காந்திருக்கு."

"பேசாம இரும்வே, கோயில் காடு" என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். ஒரு பேச்சுக்குச் சொன்னதாகவே இருக்கட்டும். அந்தக் கூட்டத்தில் பேச்சுக்குச் சொல்லாத ஒருவன் இருந்தால் போதுமே.

செவலை பாறைக்குத் தாவியது. உனக்கும் அதற்கும் நடுவில் அந்த இலை மட்டும்தான். கையை நீட்டிச் சோற்றை எடுத்தால் உங்கள் வீட்டுப் படைப்பு நிறைவேறிவிடும். பிள்ளைகள் சாப்பிடலாம். மாமியார் கையெடுத்துக் கும்பிடுவார். ஆனால் கொழுந்து தின்கிற அதன் வயிற்றுக்கு வெந்த சோறு ஆகாது என்பது ஒருபக்கம் இருக்கட்டும். கம்பளி போர்த்தியவர்கள் எல்லாரும் தின்னக் கொடுப்பார்கள் என்று அது கற்றுக்கொண்டுவிடும். அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ வேறொரு கம்பளியிடம் கையை நீட்டும்.

நீ எழுந்தாய். இலையைத் தூக்கினாய். எறியப்போகிறாய் என்று நினைத்தேன். எறியவில்லை. சோற்றை அள்ளி உன் வாயில் போட்டாய். இன்னொரு வாய். இன்னொரு வாய். மெல்லாமலே விழுங்கினாய். உன் வீட்டுப் பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள்.

"படைப்பத் தின்னுட்டாளே! மூத்த மருமவ படைப்பத் தின்னுட்டாளே!"

நீ திரும்பிப் பார்க்கவில்லை. வெறும் இலையை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாய். கம்பளியைத் தலையிலிருந்து உருவிக் கீழே போட்டாய். பால்குடிக் குட்டியாக உன் வீட்டில் கிடந்ததற்குப் பிறகு அது உன் முகத்தை அன்றுதான் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தாய்.

அந்தக் குரல் இன்னும் என் காதில் கிடக்கிறது. தொண்டை கிழிய, ஊர் கூட்டிச் சண்டை போடுகிற குரல்.

"ஏ செவலை! நல்லா இருட்டி! கொழுந்தாப் பாத்துத் தின்னு! ஒத்தையில திரியாத, கூட்டத்த விட்டுப் போவாத! மனுசப்பய சோறு ஒனக்கு வேண்டாம், தொடாத! மழைக்கு முன்னால ஒசரத்துக்குப் போயிரு! பிள்ளகுட்டி பெத்து நல்லா இருட்டி! போ! மேல போ!"

சொன்னதெல்லாம் வாழ்த்து. வந்ததெல்லாம் ஏச்சு. தன் பேரையே அது அன்றுதான் கேட்டது. அது தன் பேர் என்றும் அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மனுஷி கத்துகிறாள் என்பதுதான். பல்லைக் காட்டிக் கிறீச்சிட்டது. துள்ளி விழுந்து எழுந்து மருதமரத்தில் ஏறி, ஆற்றைத் தாண்டி, கூட்டத்தோடு சேர்ந்து, கூட்டமும் அதுவுமாக இலைகளுக்குள் மறைந்துபோனது. கொஞ்ச நேரம் கிளைகள் அசைந்துகொண்டிருந்தன. அப்புறம் அதுவும் நின்றது.

"அந்தப் பொம்பளைக்கு என்னவே ஆச்சு? கொரங்கப் போட்டு இப்படி ஏசுதா" என்றார் பக்கத்துக் குடில்காரர்.

கூண்டுக்குள் நீ வாயைத் திறந்திருந்தால், ஒரே ஒரு நாள் முகத்தைக் காட்டியிருந்தால், அன்றைக்கு அது ஓடியிருக்காது. அம்மா கூப்பிடுகிறாள் என்று மடியில் வந்து ஏறியிருக்கும். ரேஞ்சரின் நிபந்தனைமேல் எனக்கிருந்த கோபம் அந்த ஆற்றங்கரையில்தான் போனது. உன்னைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இரண்டு வருஷமாக மனதுக்குள் சேர்த்து வைத்த பேச்சை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, உதடெல்லாம் சோற்றுப் பருக்கையோடு, மழையில் நின்றாய். நான் கம்பளியை எடுத்து உன்மேல் போர்த்த வந்தபோது, "வேண்டாம்ட்டி, அது பாத்துக்கிட்டு இருந்தாலும் இருக்கும்" என்று தள்ளிவிட்டாய்.

சோற்றை ஏன் ஆற்றில் கொட்டவில்லை, தின்றதால்தானே இவ்வளவு வினை என்று பிறகு கேட்டேன். "படைப்பக் கீழ போட்டா குத்தம். வச்சா கொலை. வயித்துலதான் எடம் இருந்துச்சு" என்றாய்.

அடுத்த வாரம் ரேஞ்சர் வந்தார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. கூண்டைப் பிரிக்கப்போகிறார், செவலையைப் பிடிக்க வலை கட்டப்போகிறார் என்றுதான் இருவரும் நினைத்தோம். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்க முகத்தைப் பார்த்ததும் ஓடிச்சா?"

"பயந்து ஓடிட்டு சார்."

"அப்பச் சரி."

இனிமேல் கம்பளி வேண்டாம், கோணிச்சாக்கைத் தைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார். அவர் மாற்றலாகிப் போகும்வரை அந்தக் கூண்டு இருந்தது. கோணிச்சாக்கின் அரிப்பைப் பற்றி நீ பஸ்ஸில் பேசாத நாளில்லை.

உன் வீட்டில்தான் சரியாகவில்லை. மறு வருஷத்திலிருந்து படைப்பு வைக்கிற உரிமை இரண்டாவது மருமகளுக்குப் போனது. 'படைப்பத் தின்னவ' என்று உனக்குப் பேரும் வந்தது. உன் வீட்டுக்காரருக்கு மில்லில் கால் முறிந்தபோதும், உன் மகனுக்குப் பரீட்சை போனபோதும் அந்தப் பேரைத்தான் எடுத்தார்கள். "நானும் அந்தக் காட்டுல கெடந்தவதான. சாமி எனக்குன்னே வச்ச சோறு" என்று சிரித்துச் சமாளிப்பாய். ஆனால் ஆடி அமாவாசையன்று பொங்கல் பானை இறங்கும்போது குடிலுக்குள் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாய். உனக்கு அது வலித்தது. நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு தடவைதான் நீயாக அதைப்பற்றிப் பேசினாய். பாபநாசம் பஸ் நிறுத்தத்தில், ஒரு சாயங்காலம். "ஏட்டி, எஞ்சத்தம் அதுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்றாய். "நாராசமா இருந்திருக்கும். என்ன?" என்று நீயே சொல்லிக்கொண்டாய். அப்புறம் பஸ் வந்துவிட்டது.

நீ போய்ச் சில வருஷம் ஆகிறது. கடைசியாகப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது நீ கண்ணை மூடிப் படுத்திருந்தாய். உன் கையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவோ சொல்ல வேண்டும் என்று வந்தவள், அதெல்லாம் வராமல் நம்ம பஸ் கண்டக்டர் செத்துப்போனதையும் ஆரெம்கேவி துணிக்கடைக் கூட்டத்தையும் பற்றிப் பேசிவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்து திரும்பிப் பார்த்தேன். நீ கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

என் மகன் இப்போது கப்பலில் வேலை பார்க்கிறான். நினைத்தபோது பேச முடியாது. கரைக்கு வரும்போது அவனாகக் கூப்பிட்டால்தான். போன வாரம் கூப்பிட்டான். லைன் எப்போது அறுந்துபோகுமோ என்ற பயத்தில் நான் போனைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். நேரத்துக்குத் தின்னு, ராத்திரி தளத்தில் தனியாக நிற்காதே, குளிரில் தலையை மூடிக்கொள், நல்லா இருல, நல்லா இரு.

"ஏம்மா, எதுக்கு இப்பம் ஏசுத?" என்றான்.

ஏசவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் சொல்லவில்லை.